நாற்பது குழி

பெஞ்சமினுடைய வலது கையில் இரண்டு விரல்கள் போன காலையில் செல்வராஜ் சார் மொட்டை மாடியில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். தான் அப்போது குளித்துக்கொண்டிருந்ததாகப் போலீசிடம் சொன்னார். ஆனால் பக்கத்து மனையில் பூச்சு வேலை பார்த்த நாலு பேரும் அவரை டபரா டம்ளரோடு பார்த்திருக்கிறார்கள். நாலு பேரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்ல அவர்கள் என்ன ஒரு வயிற்றிலா பிறந்தார்கள்?

அந்த மாடியிலிருந்து எல்லாம் தெரியும். கடல் தெரியும் என்று சொல்லித்தான் மனை விற்றவன் விற்றான். வீடு கட்டி முடித்துப் பார்த்தால் தெரிந்தது ஊசிவாக்கம் காலனி. காலனிக்கும் அவருடைய காம்பவுண்டுக்கும் நடுவில் தெற்கு வடக்காக நீண்டு கிடந்தது ஒரு மணல் கொல்லை. வடக்கு வேலியிலிருந்து குறுக்கே நிற்கிற பனை வரிசை வரைக்கும் பெஞ்சமின் வைத்த மூன்று வருஷத்துச் சவுக்கு. பனைக்குத் தெற்கே பெஞ்சமினின் பெரியப்பா மகன் வாசுதேவன் கட்டிய புது வீடு, அதற்கப்பால் அவனுடைய கொல்லை.

காலை ஏழரைக்குப் பொக்லைன் வந்தது. ஓட்டியவன் வாசுதேவனின் மகன் ஹேமந்த். வடக்கு வேலியிலிருந்து நாற்பத்தெட்டு அடி தள்ளி முந்தின நாள் நட்டிருந்த கல்லிலிருந்து ஆரம்பித்து, சவுக்கை வேரோடு சாய்த்துக்கொண்டே தெற்கே போனான். பெஞ்சமின் கட்டிய லுங்கியோடு ஓடி வந்தான். இயந்திரத்தோடு வாதாடிப் பயனில்லை என்று நேரே கல்லிடம் போய், இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பிடுங்க ஆரம்பித்தான். ஹேமந்த் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து பக்கெட்டைக் கல்லின் தலையில் இறக்கினான். பயமுறுத்தத்தான் இறக்கினானாம். அத்தனை கனத்த இரும்பு பயமுறுத்துவதோடு நின்றுகொள்ளுமா? மோதிர விரலும் சுண்டு விரலும் கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டித் துண்டாகிப் போயின.

பெஞ்சமின் கத்தவில்லை. இடது கையில் அகப்பட்ட ஜல்லியை எடுத்து வீசினான். கண்ணாடி உடைந்து ஹேமந்தின் நெற்றி புருவத்திலிருந்து மேலே வரைக்கும் பிளந்தது. மகன் முகத்தில் ரத்தத்தைப் பார்த்த வாசுதேவன் மண்வெட்டிக் காம்போடு ஓடி வந்து பெஞ்சமினின் முதுகில் நாலு போட்டான். ஐந்தாவது விழுவதற்குள் பெஞ்சமினின் மனைவி ஜெனிட்டா வந்துவிட்டாள். சர்ச்சில் பாட்டுக் குழுவின் முன்வரிசையில் நிற்கிறவள். அத்தனை சாந்தமான முகம். அந்த முகம் வாசுதேவனின் இடது காதைக் கவ்வி, கடித்ததைப் பக்கத்தில் துப்பியது.

ஒரு விரல் உடனே கிடைத்தது. மீன்காரம்மா சம்பூர்ணம் கோவளத்திலிருந்து சங்கரா மீன் கொண்டுவந்த ஐஸ் பெட்டியில் அதை வைத்து, பெஞ்சமினோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். இன்னொன்று மணலில் எங்கேயோ புதைந்துவிட்டது. ஜெனிட்டா வீட்டிலிருந்து மாவுச் சல்லடையைக் கொண்டுவந்து மத்தியானம் வரைக்கும் மணலைச் சலித்துக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை. ஐஸ் பெட்டியில் போன விரலும் ஒட்டவில்லை.

இத்தனையும் செல்வராஜ் சார் பார்த்தார். அவருக்கு இறங்கி வரக் கால் வரவில்லை. ஏனென்றால் அந்த நாற்பத்தெட்டு அடி அவர் போட்ட கணக்கு.

செல்வராஜ் சாருக்கு மன்னார்குடிப் பக்கம் ஊர். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சிக் கூடத்தில் பெரிய வேலை. என்ன வேலை என்று கேட்டால் சொல்ல மாட்டார். ஆனால் கேட்காமலே மற்றதெல்லாம் சொல்வார். ஆட்டோக்காரனிடம் அவன் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்க வேண்டும் என்பார். கல்யாணப் பந்தியில் இலை எண்ணிக்கையை வைத்து ரசம் பற்றாது என்று முன்கூட்டியே அறிவிப்பார். பற்றாமலும் போகும், அதுதான் ஜனங்களுக்கு அவர் மேல் இருந்த எரிச்சலே. கணக்கு என்று யாராவது வாசலில் வந்து நின்றால் போதும், அவர் முகத்தில் ஒரு பல்பு எரியும்.

விரல் போவதற்கு மூன்று வாரம் முன்பு வாசுதேவன் அப்படித்தான் வந்து நின்றான். ஐ.டி. கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் மடிப்பில் கிழிந்த ஒரு முத்திரைத்தாள்.

"சார், எங்க தாத்தா எழுதி வெச்ச பாகப் பத்திரம். இதுல குழின்னு போட்டு கீது. அடிக் கணக்குக்கு மாத்திக் குடுத்தீங்கன்னா பட்டா பிரிக்கலாம்னு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பத்திரம். ஊரான் நிலத்தில் நாற்று நட்டே முதுகு வளைந்த அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் துண்டு அந்த மணல் கொல்லை. அதைக் கிழவர் இரண்டு மகன்களுக்குப் பிரித்திருந்தார். 'வடபுறம் வேலி தொட்டுக் கோலால் அளந்து நாற்பது குழி இளையவன் சாமுவேலுக்கு. அதற்குத் தெற்கே பாக்கியுள்ளது மூத்தவன் முனுசாமிக்கு.' சாமுவேல் பெஞ்சமினின் அப்பா, முனுசாமி வாசுதேவனின் அப்பா. மொத்தம் எவ்வளவு என்று எழுதவில்லை. கோல் எத்தனை அடி என்றும் எழுதவில்லை. அன்றைக்கு அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்; தெரிந்ததை யார் காசு கொடுத்து எழுதுவார்கள்?

"குழின்னா எனக்குத் தெரியாதா? எங்க ஊர்ல பால்குடி மறக்காத புள்ளைக்குத் தெரியும்," என்றார் செல்வராஜ் சார். "பன்னெண்டடிக் கோல். பன்னெண்டுக்குப் பன்னெண்டு. நூத்தி நாப்பத்திநாலு சதுர அடி ஒரு குழி."

இருந்தாலும் விஞ்ஞானி அல்லவா, செல்போனில் தேடிச் சரிபார்த்தார். முதல் வரியிலேயே நூற்று நாற்பத்திநாலு என்று வந்தது. அதற்குக் கீழே ஊருக்கு ஊர் மாறும் என்று ஏழெட்டு வரி இருந்தது. சரியென்று முதல் வரியே சொன்ன பிறகு கட்டைவிரலுக்குக் கீழே என்ன வேலை?

நாற்பதை நூற்று நாற்பத்திநாலால் பெருக்கினார். ஐயாயிரத்து எழுநூற்று அறுபது சதுர அடி. கொல்லையின் அகலம் நூற்றிருபது அடி. வகுத்தால் நாற்பத்தெட்டு.

"வடக்கு வேலியிலேருந்து நாப்பத்தெட்டு அடி. அவ்வளவுதான் பெஞ்சமினுக்கு."

வாசுதேவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. "இன்னா சார் சொல்றீங்க? அவங்க அப்பா காலத்துலேந்து பனை வரிக்கும் பயிர் வெச்சிகினு கீறாங்க சார்."

"அனுபவிச்சிருக்காங்க. சும்மா கெடந்த மணல், யாரும் கேக்கல. இப்ப நீங்க கேக்குறீங்க."

"இருந்தாலும் சார், ரெண்டும் அவரு பெத்த புள்ளதானே. ஒருத்தனுக்கு இத்தினி, ஒருத்தனுக்கு அத்தினியா எழுதுவாரு?"

இந்த இடத்தில் செல்வராஜ் சார் வாயை மூடியிருக்கலாம். கணக்கோடு காரணமும் கொடுத்தால்தான் அவருக்குத் திருப்தி.

"உங்க சித்தப்பா எப்ப வேதத்துல சேந்தாரு?"

"ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு இருக்கும் சார்."

"பத்திரம் ஐம்பத்தெட்டு."

அவ்வளவுதான் சொன்னார். வாசுதேவன் பத்திரத்தை மறுபடி பார்த்தான். கிறிஸ்தவனாகிப் பேர் மாற்றிக்கொண்டு போன மகனுக்கு அப்பன் அளந்து போட்ட பிச்சையாக அந்த நாற்பது குழி அவனுக்குத் தெரிய ஆரம்பித்தது. அதுவரை பட்டா மட்டும் கேட்டு வந்தவன், போகும்போது நியாயத்தையும் வாங்கிக்கொண்டு போனான்.

வெள்ளைத்தாளில் வரிசை வரிசையாகக் கணக்கெழுதி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டு, பேருக்குப் பக்கத்தில் படிப்பையும் போட்டுக் கொடுத்தார் செல்வராஜ் சார். வாசுதேவன் அதை லேமினேட் செய்துவிட்டான். காலனியில் எல்லோருக்கும் காட்டினான். காரணத்தையும் சேர்த்தே காட்டினான்.

மறுநாள் காலை பெஞ்சமின் வந்தான். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை; அந்தச் சட்டையோடே வந்தான்.

"சார், எங்க தாத்தா செத்தப்ப தலமாட்டுல குந்திகினு இருந்தது எங்க அப்பாதான். கடைசித் தண்ணி அவரு கையாலதான் குடிச்சாரு. அவரு போயி எங்கப்பனைத் தள்ளி வெச்சி எழுதுவாரா?"

"நான் எழுதலையேப்பா. எண் சொல்லுது."

"எண்ணுக்கு இன்னா சார் தெரியும் எங்க வூட்டு விசயம்?"

செல்வராஜ் சார் பொறுமையாக மறுபடி பெருக்கிக் காட்டினார். பெஞ்சமின் கேட்டுக்கொண்டே நின்றான். நிலம் போகிறது என்பதைக் காட்டிலும் தாத்தா போகிறார் என்பதுதான் அவன் முகத்தில் இருந்தது. கிளம்பும்போது, "அந்தக் கல்லு நட்டாங்கன்னா புடுங்குவேன் சார். உங்களுக்கும் சொல்லி வெச்சிட்டேன்," என்றான். சொன்னபடியே செய்யவும் போனான்.

போலீஸ் இரண்டு பக்கமும் வழக்குப் போட்டது. விரலுக்கு ஒன்று, காதுக்கும் நெற்றிக்கும் ஒன்று. சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் நிற்க வைத்து, முதலில் நிலத்தை அளந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். வாசுதேவன் செங்கல்பட்டிலிருந்து லைசென்ஸ் சர்வேயர் அன்பரசியைக் கூட்டி வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், வெயிலில் கறுத்த பெண். மூன்று கால் கருவியைத் தோளில் சாய்த்தபடி லேமினேட் தாளைப் படித்தவள், சுண்ணாம்பு வாங்க வாசுதேவன் கடைக்குப் போன நேரம் பார்த்து நேரே செல்வராஜ் சார் வீட்டு வாசலுக்கு வந்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுச் செம்பைத் திண்டில் வைத்தாள்.

"சாருக்கு எந்த ஊரு?"

"மன்னார்குடிப் பக்கம்."

"அதான்." சிரிக்கவில்லை. "சார், இது உங்க ஊரு குழி. எங்க செங்கல்பட்டு குழிக்கு இருபத்திநாலடிக் கோலு. இருபத்திநாலுக்கு இருபத்திநாலு, ஐந்நூத்தி எழுபத்தாறு. இந்த மாதிரி நூறு குழி ஒரு காணி. இந்தக் கொல்லை பூராவே சரியா ஒரு காணிதான், பட்டாவுல ஹெக்டேர்ல கீது, நான் மாத்திப் பாத்துட்டேன். நூறுல நாப்பது சின்னவருக்கு. நீங்க பத்துதான் குடுத்துகிறீங்க."

செல்வராஜ் சாருக்கு மனசுக்குள் பெருக்கல் தானாக ஓடியது. நிறுத்த முடியவில்லை. நாலு மடங்கு. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அடி. தாத்தா ஒன்றும் தள்ளி வைக்கவில்லை. மூத்தவனுக்குக் கொஞ்சம் கூட, இளையவனுக்குக் கொஞ்சம் குறைய, அவ்வளவுதான்.

"நீங்களே சொல்லிடுங்களேன்மா அவங்ககிட்ட."

"நான் சொன்னா இந்தக் கருவியை ஒடச்சிடுவானுங்க, இன்னும் தவணை முடியல. இந்தத் தாளை வெச்சி நான் கல்லு போட மாட்டேன். கையெழுத்து உங்குளுது. சொல்ல வேண்டியதும் நீங்கதான்." வாசுதேவன் சுண்ணாம்போடு திரும்புவதற்குள் அவள் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றே சொல்லியிருக்கலாம். அவர் மனைவி பார்வதம் கதவைச் சாத்திவிட்டாள்.

"வாயத் தொறந்தீங்கன்னா ரெண்டு பக்கமும் உங்களைத்தான் அடிப்பான். பேசாம குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிப் போடுங்க, போயிடலாம்."

"தப்பு என்னோடது மட்டும் இல்ல பார்வதம். கோல் வேற. யாருக்கும் வர்ற தப்புதான்."

"அதைப் போயி அந்த வெரலுகிட்டச் சொல்லுங்க."

நாலு நாள் சொல்லவில்லை. அந்த நாலு நாளில் நடந்ததை ஊரே அறியும். முதல் நாள் வாசுதேவனின் வேன் டயர் நாலும் கிழிபட்டன. இரண்டாம் நாள் அதற்குப் பதிலாகப் பெஞ்சமின் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் கல் விழுந்தது. கூரை உடைந்து, உள்ளே படித்துக்கொண்டிருந்த அவன் மகள் ஷாரோனின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மூன்றாம் நாள் அவளுடைய மாமா ஒருவன் மெயின் ரோட்டில் ஹேமந்தைப் பிடித்து, நெற்றித் தையல் மேலேயே குத்திப் பிரித்துவிட்டான். நாலாம் நாள் அவர் வாசலுக்கு மீன் கொண்டுவந்த சம்பூர்ணம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருக்கிறது கச்சேரி என்றாள். கோவளத்திலிருந்து ஜெனிட்டாவின் அண்ணன்மார் வருகிறார்களாம். பொத்தேரிப் பக்கமிருந்து ஹேமந்தின் சிநேகிதன்மார் இரும்புக் குழாயோடு ஏற்கெனவே வந்து இறங்கியாயிற்றாம். "இந்த வாட்டி வெரலோட போவாது சார்," என்று செல்வராஜ் சாருக்குத்தான் தனியாகச் சொன்னாள். அவர் அந்த எலும்பையும் தையலையும் ஒவ்வொன்றாகத் தன் பேரில் கூட்டிக்கொண்டே வந்திருந்தார். இனி ஒரு உயிரும் அதில் சேரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் ஒருவேளை சேராமல் போகலாம். அந்த ஒருவேளையைத் தூக்கிக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு, பார்வதம் குளிக்கப் போன நேரத்தில், எஃகு டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

கொல்லையில் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்தது. விழுந்து கிடந்த சவுக்குகளுக்கு நடுவில் இருபது பேர். கோவளத்துக்காரன் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். விரலிடுக்கில் ரத்தம் ஒழுகிச் சட்டைப் பையில் இருந்த பைபிளை நனைத்துக்கொண்டிருந்தது. ஹேமந்தின் கூட்டாளி ஒருவன் முன்பல் இரண்டும் உதிர்ந்து மணலில் துழாவிக்கொண்டிருந்தான். பெஞ்சமின் கட்டுப் போட்ட வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையில் கடப்பாரையோடு வாசுதேவனைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். வாசுதேவன் கையில் வெட்டரிவாள் இருந்தது.

செல்வராஜ் சார் இருவருக்கும் நடுவில் போய் நின்றார். அது தைரியம் என்று சொல்ல முடியாது. அவருக்கு வேறு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

"நான் போட்ட கணக்கு தப்பு," என்றார்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை அவர் குரல் கிறீச்சென்று வந்தது.

"இந்த ஊர்க் குழிக்கு இருபத்திநாலடி. நான் பன்னெண்டு போட்டுட்டேன். பெஞ்சமினுக்கு நாலு மடங்கு வருது. தாத்தா சரியாத்தான் எழுதியிருக்காரு."

ஓங்கியிருந்த குழாய்கள் தாழ்ந்தன. வாசுதேவன் அரிவாளை இடுப்பில் செருகிவிட்டு வந்து அவர் கன்னத்தில் அறைந்தான். கண்ணாடி பறந்தது. "அன்னிக்கு சொன்னது இன்னா, இன்னிக்கு சொல்றது இன்னா? வேதம் கீதம்னு நீதானே ஏத்திவுட்ட? நானா கேட்டேன்?" இன்னொரு அறை. பின்னாலிருந்து ஜெனிட்டாவின் அண்ணன் முழங்காலுக்குப் பின்புறம் உதைத்தான்; செல்வராஜ் சார் மண்டியிட்டார். விலாவில் ஒரு உதை. ஏதோ முறிகிற சத்தம் அவருக்கு உள்ளே கேட்டது. பார்வதம் சொன்னது வரிக்கு வரி பலித்துக்கொண்டிருந்தது: இரண்டு பக்கமும் அடித்தது, இரண்டு பக்கமும் பேதமில்லாமல் அடித்தது.

ஜெனிட்டா குனிந்து அவர் தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தூக்கினாள்.

"எப்பலேந்து தெரியும் உனக்கு?"

"புதன்கிழமை."

"எம்பொண்ணு தோளு வியாழக்கிழமை ஒடிஞ்சுது." முடியை விட்டுவிட்டு முகத்தில் மிதித்தாள். பல்லொன்று உள்ளே போனது.

"வுடுங்க அவரை," என்றான் பெஞ்சமின். "செத்துட்டா யாரு அளக்கிறது? எழுந்திரு சார். எழுதிக் குடுத்தியே, இப்ப அளந்து குடு. பத்திரத்துல கோலுன்னுதான் போட்டு கீது. கோலால அள."

"அளக்கட்டும்," என்றான் வாசுதேவன். ஓரம் போன காதில் கட்டு, கண்ணில் களைப்பு. "அளந்தா பனை வரிக்கும் வரும். பனைக்கு அந்தண்ட ஒரு அடி வராது. பனை வரிக்கும் குடுத்துத் தொலைக்கிறேன், போங்கடா."

விழுந்த சவுக்கு ஒன்றின் கிளையைக் கழித்து, டேப்பை இரண்டு தடவை வைத்து இருபத்திநாலடிக்கு வெட்டினார்கள். அதை நடுவில் பிடித்துத் தூக்க செல்வராஜ் சாருக்கு விலா இடம் கொடுக்கவில்லை. நுனியைப் பிடித்து இழுத்தார். வடக்கு வேலியில் அடியை வைத்துப் படுக்கப் போட்டார். கொல்லையின் அகலம் ஐந்து கோல், ஆகையால் ஒரு கோல் தெற்கே நகர்ந்தால் ஐந்து குழி. எட்டுக் கோல் நகர்ந்தால் நாற்பது.

"எண்ணு," என்றான் பெஞ்சமின்.

"அஞ்சு."

கோலைப் புரட்டாமல் இழுத்துப் போட்டார். "பத்து." அங்கேதான் அவருடைய பழைய கல் நின்றது. கல்லின் தலையில் பழுப்பாகக் காய்ந்த கறை. கோலை அதன் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டு போகும்போது அவர் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார். ஜெனிட்டா ஒவ்வொரு கோல் முடிகிற இடத்திலும் ஒரு குச்சி நட்டாள். பதினைந்து. இருபது. வாயிலிருந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. எண் மட்டும் தெளிவாக வந்தது. இருபத்தைந்து சொல்லும்போது நிமிர்ந்து பார்த்தார். பனை தெரிந்தது. பனைக்குப் பின்னால் வாசுதேவன் வீட்டின் பின்சுவர் தெரிந்தது. பாழாய்ப்போன அந்த மூளை, அடிபட்ட தலைக்குள்ளும் ஓய்வெடுக்காமல், மீதி தூரத்தை அளந்து முடித்துவிட்டது. ஏழு கோல் பனையடியில் முடியும். எட்டாவது கோல் பாதி வெளியே, பாதி வீட்டுக்குள்ளே.

வாழ்க்கையில் முதல்முறையாக செல்வராஜ் சார் தப்பாக அளக்கத் தீர்மானித்தார். ஒவ்வொரு கோலுக்கும் நாலடி பின்னுக்கு இழுத்துக்கொண்டால் போதும். இன்னும் மூன்று இருக்கிறது. சுவருக்கு முன்னால் நாற்பது முடிந்துவிடும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஆறாவது கோலைப் போடும்போது தடுக்கினாற்போல் காலால் பின்னே தள்ளினார்.

ஜெனிட்டா கோலின் நுனியை மிதித்தாள். "சார், பின்னால வருது. குச்சிலேந்து வை."

குச்சியிலிருந்து வைத்தார். "முப்பது." பனையடியில், "முப்பத்தஞ்சு." எட்டாவது கோலைத் தள்ளினார். பன்னிரண்டு அடி போனதும் நுனி சுவரில் டொக்கென்று இடித்து நின்றது.

உள்ளே சமையலறையில் வாசுதேவனின் மனைவி துர்காதேவி எதையோ தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"போதும் சார்," என்றான் வாசுதேவன். அரிவாள் மறுபடி கைக்கு வந்திருந்தது. அதன் முனையை அவர் கழுத்துக்குக் கீழே வைத்தான். மெதுவாகத்தான் பேசினான். "நாப்பது முடிஞ்சிச்சின்னு சொல்லு. எம்பொண்டாட்டி உள்ள சோறு ஆக்கிகினு கீறா. சொல்லு சார்."

"மீதிக் கோலு வெளிய கீது," என்றான் பெஞ்சமின். "எத்தினி அடி?"

செல்வராஜ் சார் கோலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கழுத்தில் முனை இறங்கி ஈரமானது.

"பன்னெண்டு அடி," என்றார். "உள்ள போகுது."

வாசுதேவன் அரிவாளைத் திருப்பிப் பிடியால் தாடையில் அடித்தான். தாடை இடம் மாறிக் கழன்றதை அவர் வலியாக உணரவில்லை, சத்தமாகத்தான் கேட்டார். மணலில் ஒருக்களித்து விழுந்தார். பெஞ்சமின் ஒற்றைக் கையால் கடப்பாரையை ஓங்கிச் சுவரில் இறக்கினான். பூச்சு உதிர்ந்தது. இரண்டாவது அடியில் செங்கல் உள்ளே விழுந்து பாத்திரம் உருண்டது. வாசுதேவன் அவன் தோளில் வெட்டினான். வெட்டு எலும்பில் மாட்டிக்கொள்ள, பெஞ்சமின் திரும்பிக் கடப்பாரையின் மொட்டை முனையால் வாசுதேவனின் வயிற்றில் குத்தினான். இருவரும் கட்டிப் புரண்டார்கள். குழாய்க்காரர்களும் கோவளத்துக்காரர்களும் மறுபடி மோதிக்கொண்டார்கள். யாரோ ஒருவன் செல்வராஜ் சாரின் கையை மிதித்துக்கொண்டு ஓடினான்.

சுவரில் தரையோரமாகத் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஜெனிட்டா கோலின் அடியைத் தூக்கி, நுனியை அந்த ஓட்டையில் நுழைத்துத் தள்ளினாள். உள்ளேயிருந்து துர்காதேவி கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை ஓட்டை வழியாக வீசினாள். ஜெனிட்டாவின் முன்கைத் தோல் சுருண்டு வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். கோல் அங்குலம் அங்குலமாக உள்ளே போயிற்று. அதன் அடிக்கட்டை பனையடியில் நட்ட ஏழாவது குச்சியைத் தொட்டதும் நிறுத்தினாள். மண்டியிட்டுக் குனிந்து ஓட்டை வழியாக உள்ளே பார்த்தாள்.

"கேஸ் அடுப்பைத் தாண்டி நிக்குது," என்றாள். பின்னால் புரண்டுகொண்டிருந்த யாரையும் அவள் பார்க்கவில்லை. மணலில் கிடந்தவரைத்தான் பார்த்தாள். "சார். சரியா?"

செல்வராஜ் சாருக்கு வாயைத் திறக்க முடியவில்லை. குச்சியையும் கோலின் அடியையும் ஒரு கண்ணால் பார்த்தார். குச்சிக்கும் கோலுக்கும் நடுவில் இடைவெளி இல்லை. ஒரு அடி கூட இல்லை, ஒரு விரற்கடை கூட இல்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

இரும்புக் குழாயோடு பனைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஹேமந்த், அவர் தலையாட்டியதைப் பார்த்துவிட்டான்.